ஏழாம் எண்

என் மரங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
சங்கத்துப் பேரேட்டில் இருக்கிறது,
என் பெயருக்கு நேரே, நீல மையில்:
லியோகாடி, கயான்சா, கீழ்ச்சரிவு.
மேலே வாழை, கீழே அவரை.

மார்ச்சில் பழம் சிவக்கும்.
பகலெல்லாம் பறித்து, மாலையில் தலையில் ஏற்றி,
இருட்டுவதற்குள் தராசுக்குப் போய்ச் சேர வேண்டும்.
தராசுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி.
மிதக்கிற பழத்தை அரித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.
மூழ்கியதற்குத்தான் காசு.
பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு கறாராக
யாரும் என்னைச் சோதித்ததில்லை.

இந்த வருஷம் நன்றாக மூழ்கியது.
முப்பத்தோரு குடும்பத்துப் பழம்
ஒரே தொட்டியில் ஊறி, ஒரே வாய்க்காலில் ஓடி,
ஒரே மேசையில் இருபது நாள் காய்ந்தது.
எது யாருடையது என்று
அதற்கப்புறம் கடவுளுக்கும் தெரியாது.
ஏழு என்ற எண் மட்டும்.

ருசி பார்க்க நகரத்திலிருந்து இனாமஹோரோ வந்தாள்.
ஏழாம் எண்ணுக்கு ஐந்து கிண்ணம்.
கரண்டியில் எடுத்து
மரியாதையே இல்லாத சத்தத்தோடு உறிஞ்சினாள், துப்பினாள்.
முதலாவதில் ஆரஞ்சுத் தோல் என்றாள்.
அடுத்ததில் கரும்புப் பாகு.
மூன்றாவதில் ஏதோ பூ, பெயர் எங்களுக்குப் புரியவில்லை.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்,
எங்கள் நிலத்தில் இதெல்லாம் இருந்தது
எங்களுக்கே தெரியாமல்.

நான்காவதில் மூக்கைக் கொண்டுபோனவள்
நிமிர்ந்தாள்.
மறுபடி குனிந்தாள்.
பேனாவை மூடினாள்.

பச்சை உருளைக்கிழங்கு.

பூச்சி குத்திய பழம் ஒன்று இருந்திருக்கும்.
கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படாது.
ஒரே ஒரு கொட்டை.
குடம் பாலுக்குத் துளி விஷம் என்றாலாவது
ஒரு கௌரவம் உண்டு.
இது உருளைக்கிழங்கு.
அதையும் நாங்களேதான் விளைவிக்கிறோம்.

வாங்க வந்தவர் கனிவாகத்தான் பேசினார்.
கனிவாகவே விலையைக் குறைத்தார்.

அக்டோபர் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
செயலாளர் போன்சியான் கணக்குப் போட்டார்:
கிலோவுக்கு எழுபது பிராங்க் குறைவு,
எல்லோருக்கும்.
"பூச்சி என்ன கையெழுத்துப் போட்டுவிட்டா வந்தது?"
யாரும் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரியும்.
பிப்ரவரியில் ஒன்பது நாள்
சின்னவனின் காய்ச்சலோடு ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தேன்.
ஒன்பது நாளும் என் மரங்களில்
ஓர் இலையை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.
எழுந்து சொல்லிவிடலாம் என்று காலை ஊன்றினேன்.
எதிரே முப்பது குடும்பம்.
தகரத்துக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, ஒரு பெட்டை ஆட்டுக்கு
அந்த எழுபதை மனசுக்குள் ஏற்கெனவே
செலவழித்து முடித்திருந்த முப்பது குடும்பம்.
உட்கார்ந்துவிட்டேன்.

பணத்துக்குக் கைநாட்டு வைத்தேன்.
உப்பு வாங்கினேன். மண்ணெண்ணெய் வாங்கினேன்.

மறுநாள் விடியுமுன்
டப்பாவில் இரண்டு விரற்கடை மண்ணெண்ணெயோடு
சரிவில் இறங்கினேன்.
அந்நேரக் குளிரில் பூச்சி விறைத்திருக்கும், பறக்காது.
கேடயம் மாதிரி முதுகு, கறுப்பில் ஆரஞ்சுப் பொட்டு,
அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

வரிசை முடிகிற இடத்தில் கிளை அசைந்தது.
ஆடோ என்று பார்த்தால் மெல்கியாட்,
பக்கத்து நிலத்துக்காரன்,
கையில் தக்காளி டப்பா,
என் மரத்தில்.

"என்னுடையதை முடித்துவிட்டேன்" என்றான்.
பிறகு இலையிடம் சொல்வதுபோல,
"ஜனவரியில் நான் சரியாகக் கவனிக்கவில்லை."

வாயைத் திறந்தேன்.
அதற்குள் டப்பாவை நீட்டினான்: பத்தொன்பது.
என்னுடையதைக் காட்டினேன்: இருபத்தாறு.

மேலே, மூன்றாவது சரிவில்,
யாரோ கைவிளக்கோடு
இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.
இருமலைக் கேட்டால்
போன்சியான் மாதிரி இருந்தது.